சுகோய் வயிற்றில் பிரம்மோஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் தலைக்கு மேல் இடி இறங்கினாற்போல ஒரு சத்தம் போனால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதெல்லாம் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. "சுகோய்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார்கள். அந்த விமானம் சுமக்கக்கூடிய ஏவுகணையைப் பற்றித்தான் கேள்விகள் தீர்ந்தபாடில்லை. செய்தித்தாள் படித்துவிட்டு வருகிறவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

விமானத்திலிருந்து ஏவும் பிரம்மோஸ் என்றால் என்ன?

கப்பலிலிருந்தும் தரையிலிருந்தும் ஏவப்பட்டுவந்த பிரம்மோஸ் ஏவுகணையை, சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானத்தின் அடிவயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஆகாயத்தில் வைத்தே ஏவுவதற்காக மாற்றியமைத்த வடிவம். எடை சுமார் 2,500 கிலோ, வேகம் மாக் 2.8, அதாவது ஒலியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு விமானம் ஒன்றைத்தான் சுமக்கும்.

அக்னி ஏவுகணையும் இதுவும் ஒரே வகைதானே?

இல்லை. அக்னி போன்ற பாலிஸ்டிக் ஏவுகணை, கவணிலிருந்து போன கல் மாதிரி. முதலில் கொடுத்த உந்துதலில் வளிமண்டலத்தைத் தாண்டி மேலே போய், வளைந்து கீழே விழும். குரூஸ் எனப்படும் சீர்வேக ஏவுகணை ஆளில்லாத விமானம் மாதிரி. வழி முழுக்க எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், காற்றுக்குள்ளேயே பறக்கும், போகிற போக்கில் திரும்பும், இறுதியில் தரையை ஒட்டியோ கடலை ஒட்டியோ பாயும். பிரம்மோஸ் இரண்டாவது வகை.

இதைத் தொடங்கியது யார்?

1998 பிப்ரவரி 12 அன்று மாஸ்கோவில் இந்தியாவும் ரஷ்யாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அப்போது பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த அப்துல் கலாம். அதன்படி உருவான கூட்டு நிறுவனத்தில் இந்தியாவின் பங்கு 50.5 சதவீதம், ரஷ்யாவின் பங்கு 49.5 சதவீதம். பிரம்மபுத்திராவிலிருந்து முன்பாதியும் மாஸ்க்வா நதியிலிருந்து பின்பாதியும் எடுத்துக் கோத்த பெயர். நிறுவனத்தை முதலிலிருந்து நடத்தியவர் நாகர்கோவிலைச் சேர்ந்த சிவதாணு பிள்ளை. ராமேஸ்வரத்துக்காரரும் நாகர்கோவில்காரரும் சேர்ந்த கதை என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் அடிப்படை வடிவம் ரஷ்யாவின் ஓனிக்ஸ் ஏவுகணையிலிருந்து வந்தது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

ஏவுகணை 2001-லேயே பறந்துவிட்டது. விமானத்திலிருந்து ஏவ 2017 வரை ஏன் காத்திருந்தார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. 2001 ஜூன் 12 அன்று ஒடிசாவின் சண்டிப்பூர் தளத்திலிருந்து பிரம்மோஸ் முதன்முறையாகப் பறந்தது. விமானத்திலிருந்து முதன்முறையாக ஏவியது 2017 நவம்பர் 22 அன்று. இடையில் பதினாறு வருடத்துக்கும் மேல். "கப்பலில் வைத்ததைக் கழற்றி விமானத்தில் மாட்ட இத்தனை வருடமா?" என்று கேட்கிறார்கள்.

கப்பல் பெரியது, கனம் தாங்கும். தரையில் லாரி அசையாமல் நிற்கும். இரண்டிலும் ஏவுகணை தன் குழாய்க்குள் பத்திரமாக இருக்கும், பொத்தானை அழுத்தினால் புறப்பட்டுவிடும். விமானத்தில் அப்படி எதுவும் கிடையாது. வளர்ந்த பெண் யானை ஒன்றின் எடையை ஒட்டிய பொருளை, இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே, காற்று அறைந்துகொண்டிருக்கும் இடத்தில் தொங்கவிட வேண்டும். அதைச் சுமந்துகொண்டு விமானம் ஏற வேண்டும், சாய வேண்டும், திரும்ப வேண்டும். கழற்றிவிட்ட நொடியில் ஏவுகணை காற்றில் தூக்கிப் போடப்பட்டு விமானத்தின் வயிற்றிலேயே முட்டிவிடக் கூடாது. இரண்டரை டன் திடீரென்று போய்விட்டதும் விமானமும் நிலைகுலையக் கூடாது.

பலரும் யோசிக்காத இன்னொன்று உண்டு. ஏவாமலே திரும்பி வந்தால் என்ன செய்வது? இலக்கு கிடைக்கவில்லை, கட்டளை மாறிவிட்டது, வானிலை கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெடிமருந்தும் எரிபொருளும் நிரம்பிய ஏவுகணையை வயிற்றில் வைத்துக்கொண்டே ஓடுபாதையில் இறங்கியாக வேண்டும். சக்கரம் தரையைத் தொடும்போது விழும் அதிர்ச்சியை விமானத்தின் உடலும் தாங்க வேண்டும், ஏவுகணையும் தாங்க வேண்டும். ஏவுவதற்கு மட்டுமல்லாமல் ஏவாமல் திரும்புவதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

விமானத்தில் என்னென்ன மாற்றினார்கள்?

மாற்ற வேலை நாசிக்கில் இருக்கும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் நடந்தது. வழக்கமாகக் குண்டும் சிறு ஏவுகணைகளும் மாட்டும் கொக்கிகள் இந்த எடைக்குப் போதாது. ஆகவே உடலின் நடுப்பகுதியை வலுப்படுத்தி, ஏவுகணையைப் பிடித்துக்கொண்டு தேவையான நொடியில் விடும் தனித் தாங்கியைப் பொருத்தினார்கள். மின்சாரக் கம்பிகள் புதிதாக ஓடின. விமானத்தின் கணினியும் ஏவுகணையின் கணினியும் பேசிக்கொள்வதற்கான மென்பொருளை எழுதியவர்கள் விமானப்படையின் சொந்தப் பொறியாளர்கள். வெளிநாட்டு விமானத்தின் மூளைக்குள் கைவைத்து எழுதிய மென்பொருள் அது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகுந்த மரியாதை அந்த வேலையின் மீதுதான்.

மாற்றிய முதல் விமானம் 2015 பிப்ரவரியில் விமானப்படையிடம் வந்தது. 2016 ஜூன் 25 அன்று நாசிக்கிலிருந்து பிரம்மோஸைச் சுமந்துகொண்டு முதல்முறையாகப் பறந்தது. ஏவவில்லை, சுமந்து பறந்து இறங்கியதோடு சரி. சுமார் 40 விமானங்களை இப்படி மாற்றுவது என்பது திட்டம்.

பொறியாளர்களுக்கு உண்மையிலேயே தலைவலியாக இருந்தது எது?

எடையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். விமானப்படையே சொன்ன பதில் வேறு. ஏவுகணைக்குள் இருக்கும் திசையுணர் கருவிகளை விமானத்தின் கருவிகளோடு ஒத்துப்போக வைப்பது பெரிய சவால்களில் ஒன்றாக இருந்தது என்று 2019-இல் அறிவித்தார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஏவுகணைக்கு வழி தெரிவது எப்படி? அதற்குள் திரும்புவதை அளக்கும் சுழல்மானிகளும் வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானிகளும் இருக்கின்றன. "இந்த இடத்தில் புறப்பட்டேன், இந்தப் பக்கம் பார்த்திருந்தேன், இவ்வளவு வேகத்தில் இவ்வளவு நேரம் போனேன், ஆகவே இப்போது இங்கே இருக்கிறேன்" என்று நொடிக்கு நொடி கணக்குப் போட்டுக்கொண்டே போகும். கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் தொடக்கம் தவறினால் எல்லாம் தவறிவிடும். புறப்படும்போது முகம் ஒரு டிகிரி விலகியிருந்தால், அது எட்டும் தூரமான 290 கிலோமீட்டர் போய்ச் சேரும்போது 5 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். செயற்கைக்கோள் உதவி உண்டு, கடைசிக் கட்டத்தில் ரேடார் கண்ணும் உண்டு. ஆனால் அந்தக் கண் பார்க்கும் வட்டத்துக்குள் முதலில் போய்ச் சேர வேண்டுமே.

தரையில் இருக்கும் லாரி அசையாது. வடக்கு எது, கீழே எது என்று ஏவுகணை ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம். விமானத்தில் தொங்கும் ஏவுகணைக்கு அந்த வசதி இல்லை. விமானம் ஆடுகிறது, இறக்கை வளைகிறது, தாங்கியே மிகச் சிறிய அளவில் முறுக்கிக்கொள்கிறது. விமானத்தின் மூக்கு பார்க்கும் திசையும் அதன் வயிற்றில் இருக்கும் ஏவுகணை பார்க்கும் திசையும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை. ஓடுகிற மாட்டுவண்டியில் ரசமட்டத்தை வைத்துச் சுவர் பார்க்கச் சொன்னால் கொத்தனார் என்ன செய்வார்? குமிழி ஓரிடத்தில் நிற்காது. வண்டி ஆடிய கணக்கைத் தனியே எடுத்து, குமிழி ஆடிய கணக்கிலிருந்து கழித்துத்தான் மட்டம் சொல்ல முடியும்.

இங்கேயும் அதைத்தான் செய்கிறார்கள். விமானத்திடம் இருக்கும் பெரிய, நம்பகமான கருவி தான் உணரும் அசைவுகளை ஏவுகணையிடம் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். ஏவுகணை தான் உணர்ந்ததோடு அதை ஒப்பிட்டு, தன் முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். கழன்று விழும் கடைசி நொடி வரை, தொப்புள்கொடி போன்ற ஒரு கம்பி வழியாக இந்தப் பேச்சு நடக்கும். கழன்ற பிறகு விமானத்தின் குரல் இல்லை.

ஏவுகணையில் என்ன மாற்றம்?

முதலில் எடை. தரை வடிவம் சுமார் 3 டன். அதில் ஐந்நூறு கிலோவைக் குறைத்தார்கள். எங்கிருந்து குறைத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ராம்ஜெட் எஞ்சினைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரண ஜெட் எஞ்சினில் காற்றை உள்ளிழுத்து அழுத்தச் சுழலும் விசிறிகள் இருக்கும். ராம்ஜெட்டில் விசிறியே கிடையாது. எதிர்க்காற்று பாய்ந்து வரும் வேகமே அதை அழுத்திவிடும், அதில் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்தினால் உந்துதல் கிடைக்கும். அசையும் பாகம் குறைவு என்பதால் இலேசானது, வேகமானது. ஒரே குறை, நின்ற இடத்திலிருந்து அதனால் கிளம்ப முடியாது. ஒலியைத் தாண்டிய வேகத்துக்கு யாராவது தள்ளிவிட வேண்டும். பழைய லாரியைத் தள்ளிக் கிளப்புவது போலத்தான். தள்ளுகிற வேலையைச் செய்வது பூஸ்டர் என்கிற திட எரிபொருள் ராக்கெட். ராம்ஜெட் எரியவேண்டிய அறைக்குள்ளேயே பூஸ்டர் செருகப்பட்டிருக்கும். அது எரிந்து தீர்ந்ததும், முன்னாலிருந்து வரும் காற்றே அதன் கூட்டைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். காலியான அறையில் ராம்ஜெட் பற்றிக்கொள்ளும்.

தரையில் பூஸ்டர் பூஜ்யத்திலிருந்து தள்ள வேண்டும், அதுவும் கீழ்வானத்தின் அடர்ந்த காற்றில். விமானத்தில் ஏவுகணை ஏற்கெனவே ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே காற்றும் மெல்லியது. ஆகவே பூஸ்டர் சிறியதாக இருந்தால் போதும். எடை குறைந்ததில் பெரும்பங்கு அதனால்தான். இதோடு, விழும்போது புரளாமல் இருக்க வால் பக்கம் துடுப்புகளைச் சேர்த்தார்கள். மூக்குக் கவசத்தையும் மாற்றினார்கள். கப்பலிலிருந்து செங்குத்தாக எழும்பும் ஏவுகணையை இலக்கின் பக்கம் சாய்ப்பதற்கு மூக்கில் சிறு உந்திகள் இருக்கும். விமானத்தில் கிடைமட்டமாகத் தொங்குவதற்கு அந்த வேலையே இல்லை.

பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

தாங்கி பிடியை விடுகிறது. ஏவுகணை சும்மா விழுகிறது, எஞ்சின் எரிவதில்லை. நூறு, நூற்றைம்பது மீட்டர் கீழே இறங்கி, விமானத்திலிருந்து நன்றாக விலகிய பிறகுதான் பூஸ்டர் பற்றுகிறது. அந்தச் சில நொடிகளில் விமானி விலகித் திரும்பத் தொடங்கிவிடலாம், ஏவுகணையை அவர் வழிநடத்த வேண்டியதில்லை. பூஸ்டர் தீர்ந்ததும் ராம்ஜெட். உயரத்தில் நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும் என்பதால் 290 கிலோமீட்டர் தூரத்தை ஆறு நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

கடலில் ஒரு கப்பலை நோக்கிப் போகிறது என்றால், கடைசிக் கட்டத்தில் அலைகளுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடும். பூமி உருண்டை என்பதால் கப்பலின் ரேடாருக்கு அது தெரிவது ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான். கணக்குப் போட்டால் கப்பலில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம், கொஞ்சம் கூடலாம்.

இதுவரை நடந்த முக்கியமான சோதனைகள்?

2017 நவம்பரில் நடந்த முதல் ஏவுதலில் சுகோய் மேற்கு வங்கத்தின் கலைகுண்டா தளத்திலிருந்து கிளம்பியது. வங்கக் கடலில் வைத்திருந்த இலக்கைத் தாக்கியது. 2019 மே 22 அன்று தரையில் இருக்கும் இலக்கு. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று மறுபடி கடல் இலக்கு, அதோடு விமானத்தில் பொருத்தும் பணி நிறைவடைந்ததாக அறிவித்தார்கள். 2022 மே 12 அன்று தூரம் கூட்டிய வடிவம் முதல்முறையாக சுகோயிலிருந்து பறந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று அதே வடிவம் சுமார் 400 கிலோமீட்டர் தள்ளியிருந்த கப்பல் இலக்கைத் தாக்கியது.

எனக்கு மறக்காமல் நிற்பது 2020 அக்டோபர் 30 அன்று நடந்தது. விமானம் பஞ்சாபின் ஹல்வாராவிலிருந்து கிளம்பி, நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து, வங்கக் கடலில் ஒரு பழைய கப்பலை அடித்தது. ஏவுகணையின் தூரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு பயணத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். ஏவுகணை போகும் தூரத்தோடு அதைச் சுமக்கும் விமானம் போகும் தூரமும் சேர்ந்துகொள்கிறது.

ஏவுகணை எட்டும் தூரம் ஏன் சரியாக 290 கிலோமீட்டர்? 300 என்று வைத்திருக்கலாமே?

ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது. 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோகும் ஏவுகணைகளையும் அவற்றின் தொழில்நுட்பத்தையும் வெளியே கொடுப்பதற்கு அதில் கடுமையான கட்டுப்பாடு. ரஷ்யா அதில் உறுப்பினர், அப்போது இந்தியா இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்ளும் எண்தான் 290. 2016 ஜூனில் இந்தியாவும் உறுப்பினரானது. அடுத்த மார்ச்சிலேயே 450 கிலோமீட்டர் வடிவம் தரையிலிருந்து சோதிக்கப்பட்டது.

பிரம்மோஸ் சுமக்கும் சுகோய்களுக்குத் தஞ்சாவூரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை இருந்த இடம் அது. 2013 மே மாதம், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி அங்கே விமானப்படைத் தளத்தைத் திறந்துவைத்தார். 2020 ஜனவரி 20 அன்று, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் முன்னிலையில், 'டைகர்ஷார்க்ஸ்' எனப்படும் 222-ஆம் படைப்பிரிவு பிரம்மோஸ் சுமக்கும் சுகோய்களோடு அங்கே வந்து சேர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் சுகோய் படைப்பிரிவு இதுதான். 1969-இல் சுகோய்-7 விமானங்களோடு தொடங்கி, பிறகு மிக்-27 ஓட்டி, இடையில் விமானம் இல்லாமல் பெயரளவில் இருந்த பிரிவுக்கு மறுபிறவி.

காரணம் கடல். சுகோய் எரிபொருள் நிரப்பாமல் சுமார் 3,000 கிலோமீட்டர் பறக்கும். தஞ்சாவூரில் கிளம்பினால் கிழக்கே வங்கக் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல், மேற்கே அரபிக் கடல் மூன்றும் கைக்கெட்டும். சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகும் கடல்வழி இலங்கைக்குத் தெற்கேதான் ஓடுகிறது.

உலகிலேயே முதல் நாடு நாம்தான் என்கிறார்களே?

பார்த்துச் சொல்ல வேண்டும். விமானத்திலிருந்து சீர்வேக ஏவுகணை ஏவுவது 1944-லேயே ஜெர்மனி செய்த வேலை. தங்கள் வி-1 பறக்கும் குண்டை ஹைன்கல் விமானங்களில் மாட்டி இங்கிலாந்து மீது ஏவினார்கள். அமெரிக்காவின் ஏ.ஜி.எம்.-86 ஏவுகணை 1982-லிருந்து பி-52 குண்டுவீச்சு விமானங்களில் இருக்கிறது. 1991 வளைகுடாப் போரின் முதல் இரவில் தாக்குவதற்காக ஏழு பி-52 விமானங்கள் லூசியானாவிலிருந்து கிளம்பி, 35 ஏவுகணைகளை ஏவிவிட்டு, 35 மணி நேரம் பறந்து வீடு திரும்பின. அந்த ஏவுகணை ஒலியைவிட மெதுவாகப் போகும், ஆனால் மிக நீண்ட தூரம் போகும் இனம்.

ஒலியை மிஞ்சும் வேகம் என்று பார்த்தாலும் சோவியத்தின் கே.எச்.-22 இருக்கிறது, பிரான்சின் அணு ஆயுத ஏவுகணை ஏ.எஸ்.எம்.பி. 1986-லிருந்து இருக்கிறது. நம் விமானப்படை 2017-இல் சொன்னது அடக்கமான வாசகம். மாக் 2.8 வேகத்தில் "இந்த வகையைச் சேர்ந்த" ஏவுகணையை வானிலிருந்து ஏவிய முதல் விமானப்படை என்றுதான் சொன்னார்கள். "இந்த வகை" என்ற இரண்டு சொற்களையும் வெட்டிவிட்டுத் தலைப்பு போட்டால் பெருமை கூடும், உண்மை குறையும்.

2022-இல் பாகிஸ்தானில் தவறுதலாகப் போய் விழுந்தது இதுதானா?

அது தரையிலிருந்து போனது. 2022 மார்ச் 9 அன்று நடந்தது, மியான் சன்னு அருகே விழுந்தது, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையின் முடிவில் விதிமுறைகளை மீறியதாக விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். விமானப்படையிடம் தரையிலிருந்து ஏவும் பிரம்மோஸும் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

போரில் பயன்பட்டிருக்கிறதா?

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு, பாகிஸ்தான் பிரதமர் ஷெபாஸ் ஷெரீஃப் அஜர்பைஜானில் பேசும்போது, தாங்கள் விடியலில் தாக்கத் திட்டமிட்டிருந்ததாகவும் அதற்கு முன்பே பிரம்மோஸ் ஏவுகணைகள் ராவல்பிண்டி விமான நிலையம் உட்படப் பல இடங்களைத் தாக்கிவிட்டதாகவும் சொன்னார். அடிபட்ட பக்கமே பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது அபூர்வம். தரையிலிருந்து வந்ததா, விமானத்திலிருந்து வந்ததா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை.

அணுகுண்டு வைக்கலாமா?

இது சாதாரண வெடிமருந்து சுமக்கும் ஏவுகணை. 200 முதல் 300 கிலோ. அந்த வேகத்தில் போய் மோதும் எடையே பாதி சேதம் செய்துவிடும்.

இதில் இந்தியத் தயாரிப்பு எவ்வளவு?

தொடக்கத்தில் ராம்ஜெட் எஞ்சினும் இலக்கைத் தேடும் ரேடார் கண்ணும் ரஷ்யாவிலிருந்து வந்தன. திசையறியும் அமைப்பு, மென்பொருள், ஏவும் கட்டுப்பாடு நம்முடையவை. பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 2018 மார்ச்சில் இந்தியாவில் செய்த ரேடார் கண்ணோடு பொக்ரானில் ஏவினார்கள். 2021 டிசம்பர் 8 அன்று சுகோயிலிருந்து ஏவிய ஏவுகணையில் ராம்ஜெட்டின் எரிபொருள் தொட்டியும் எரிபொருளைச் செலுத்தும் அமைப்பும் உள்நாட்டில் செய்தவை. சதவீதம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: எந்தப் பாகம் என்று கேளுங்கள். நட்டு போல்ட்டையும் எஞ்சினையும் ஒரே தராசில் போட்டுச் சதவீதம் சொல்வதில் அர்த்தமில்லை.

தேஜஸ் விமானத்தில் மாட்ட முடியுமா?

இப்போதிருப்பதை முடியாது. தேஜஸ் சிறிய விமானம், ஒற்றை எஞ்சின். இரண்டரை டன் அதன் வயிற்றுக்கு அதிகம், எட்டு மீட்டருக்கு மேல் நீளமும் அதிகம். அதனால்தான் பிரம்மோஸ் என்.ஜி. என்ற பெயரில் பாதி எடையை ஒட்டிய சிறிய ஏவுகணையை வடிவமைத்து வருகிறார்கள். 2025 மே மாதம் திறக்கப்பட்ட லக்னோ தொழிற்சாலையில் அதைத் தயாரிப்பது என்பது திட்டம். அது வந்தால் சுகோயும் ஒன்றுக்கு மேல் சுமக்கலாம். ஆனால் அதற்கும் புதிதாக ஒரு தாங்கி வேண்டும், மென்பொருளை மறுபடி எழுத வேண்டும், ஆடுகிற வண்டியில் ரசமட்டம் பார்க்கும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.